சிசுவின் பசியும் சபையின் கூச்சமும்

ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் சீகாழியில் நடைபெறும் திருமுலைப்பால் உற்சவத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். தீர்த்தத்தில் மூழ்கிய தந்தையைக் காணாது கரையில் நின்று அழுத மூன்று வயதுப் பாலகனாகிய ஞானசம்பந்தருக்கு, உமாதேவி தன் பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்டியருளினாள் என்னும் வரலாற்றைக் கொண்டாடும் பொருட்டு, பெண்கள் திரளாகக் கூடிப் பாலை நிவேதனம் செய்து, பின்பு அதைத் தங்கள் குழந்தைகளுக்குப் பிரசாதமாகப் புகட்டுகிறார்கள். ஒரு குழந்தையின் பசி, நாலுபேர் நடமாடும் குளக்கரையில், பலர் அறியத் தீர்ந்ததையே திருவிழாவாக்கிப் போற்றுகிற நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில், கைக்குழந்தையோடு பிரயாணம் செய்யும் ஒரு சாமானியத் தாய், குழந்தை வீறிட்டு அழத் தொடங்கிய மாத்திரத்தில், ரயிலடியிலும் வங்கியிலும் ஜவுளிக்கடையிலும் எந்தத் தூணின் மறைவுக்கு ஒதுங்கலாம் என்று நாற்புறமும் கண்களைச் சுழற்றுகிறாள்; இடம் அகப்படாவிட்டால், புட்டிப் பாலையோ சர்க்கரைத் தண்ணீரையோ கொடுத்துப் பிள்ளையின் வாயை அடைக்கிறாள்.

தாய்ப்பாலின் மகிமையைப் பேசுவதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை. ஆகஸ்டு முதல் வாரம் வந்துவிட்டால் அரசு ஆஸ்பத்திரிகளில் பதாகை கட்டுவோம், கருத்தரங்கு நடத்துவோம், சீம்பாலை அமிர்தம் என்போம். அந்தப் பாலைத் தருகிறவளுக்கு உட்கார ஓர் இடமும் ஊட்டச் சற்று நேரமும் வேண்டும் என்ற விஷயத்துக்கு வந்தவுடன் மட்டும் சபையில் ஒரு சங்கடமான மௌனம் நிலவுகிறது. விருந்தை வாயாரப் புகழ்ந்துவிட்டுச் சமைத்தவளை வாசலில் நிறுத்திவைப்பதைப் போன்றது இது.

இந்தக் கூச்சம் நம் பரம்பரைச் சொத்து என்று நினைப்பவர்கள் உண்டு. சரித்திரம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே பாவித்துக் கண்ணனைப் பாலுண்ண வருமாறு ஒரு பதிகம் முழுவதும் கெஞ்சி அழைக்கிறார். திவ்யப் பிரபந்தத்தின் பகுதியாகிய அப்பாசுரங்களைக் கோவில்களில் ஆடவர்கள் கூடி நின்று ஓதி வருகிறார்கள். எவரும் காதைப் பொத்திக்கொண்டதாகக் கேள்வி இல்லை. கண்ணனை மடியில் கிடத்திப் பாலூட்டும் யசோதையைச் சோழர் காலத்துச் சிற்பி உலோகத்தில் வார்த்தான். அத்தகைய திருமேனி ஒன்று இன்று நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. நம் பாட்டிமார் காலத்துக் கிராமத்தில், திண்ணையில் உட்கார்ந்து நெல் வியாபாரியோடு விலை பேசிக்கொண்டே, மாராப்பைச் சற்று இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்த பெண்ணை யாரும் விசேஷமாகக் கவனித்ததில்லை. நடவு வயலில், வேலமரத்துக் கிளையில் பழைய சேலையால் கட்டிய தூளியில் பிள்ளை அழுதால், சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் வந்து உட்கார்ந்து அதற்குப் பாலூட்டிவிட்டு, மறுபடியும் நிரையில் போய்ச் சேர்ந்துகொள்வாள் தாய். அவளை அனுப்பவும் அழைக்கவும் விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பழைய காலம் பொற்காலம் என்று சாதிப்பது என் நோக்கமன்று. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட ஜாதிப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளவே அனுமதியில்லாதிருந்து, பல்லாண்டுகள் போராடி, 1859-ஆம் ஆண்டில்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ராஜப் பிரகடனத்தின் வாயிலாகப் பெற்றார்கள். தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு தென்கோடியில் இன்னும் மங்கிவிடவில்லை. மூடுவதும் மூடாதிருப்பதும் உடம்புக்கு உரியவளின் விருப்பம் என்பது அங்கே ரத்தம் சிந்தி நிலைநாட்டப்பட்டது. அதே நியாயம் பாலூட்டும் தாய்க்கும் உரியது.

பின்பு கூச்சம் எங்கிருந்து வந்தது? பட்டணத்து வாழ்வு அறிமுகமில்லாத கண்களின் நடுவே பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியது. அது ஒரு காரணம். சேலைத் தலைப்பு செய்துவந்த உபகாரத்தைச் சுடிதார் செய்வதில்லை. பக்கவாட்டில் ஜிப் வைத்துத் தைத்த ‘ஃபீடிங் நைட்டி’யும் ‘ஃபீடிங் குர்த்தி’யும் கடைக்கு வந்தது மிகவும் பிற்பாடு. இவற்றைக் காட்டிலும் பலமான காரணம் ஒன்று உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. பால்மாவு டப்பா அந்தஸ்தின் அடையாளமாகிக் ‘கிளாக்ஸோ பேபி’ என்று கொழுத்த குழந்தைகளைக் கொஞ்சிய தலைமுறையில், தன் பாலைத் தருவது ஏதோ வசதியற்றவர்களின் வழக்கம் என்னும் எண்ணம் நடுத்தரக் குடும்பங்களில் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. 1981-ஆம் ஆண்டில் உலக சுகாதார சபை இத்தகைய மாவுகளின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்ததும், 1992-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவற்றின் விளம்பரங்களைச் சட்டத்தால் தடுத்து, 2003-ஆம் ஆண்டில் அச்சட்டத்தை இன்னும் இறுக்கியதும் இதனால்தான். விளம்பரங்கள் மறைந்தன, விதைத்த எண்ணம் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் இவ்விஷயத்தில் முன்கை எடுத்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி, அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, மாநிலமெங்கும் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். பேருந்து நிலையத்தில் ஆண்களுக்கு டீக்கடையும், எல்லோருக்கும் கட்டணக் கழிப்பிடமும் தேவை என்று அறிந்திருந்த நிர்வாகம், அங்கே பசித்த சிசுவும் வந்து இறங்குகிறது என்பதை முதன்முறையாக ஏட்டில் பதிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

திறந்த அறைகள் திறந்தபடியே இருந்தனவா என்பது வேறு கேள்வி. தென் மாவட்டத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் அண்மையில் நான் கண்டதைச் சொல்கிறேன். குழந்தையை அணைத்த தாயின் சித்திரம் தீட்டிய பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, கதவில் பூட்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே கால் முறிந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், விளக்குமாறுகள், பிளீச்சிங் பவுடர் மூட்டை. சாவி யாரிடம் என்று பக்கத்துப் பழக்கடைக்காரரைக் கேட்டேன். “டைம் ஆபீஸ்ல கேளுங்க சார்” என்றார். அங்கே கேட்டதற்கு, “மேஸ்திரிகிட்ட இருக்கும், சாப்பிடப் போயிருக்கார்” என்று பதில் வந்தது. பூட்டிய கதவுக்குப் பத்தடி தள்ளி, இரண்டு பெட்டிகளை அடுக்கி அரணாக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் சுவரைப் பார்த்தபடி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் ஒரு துண்டைத் திரைபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறியும் சாய்மான பெஞ்சும் கைகழுவும் தொட்டியுமாகச் சுத்தமாகப் பேணப்படும் அறைகளும் சில ஊர்களில் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் அபாண்டமாகும். நிலைய அதிகாரியின் மனசாட்சியைப் பொறுத்து அறை திறப்பதும் பூட்டுவதுமாக இருப்பதுதான் குறை.

இந்த அறைகளைப் பற்றி வேறோர் ஆட்சேபமும் எழுப்பப்படுகிறது. அறை ஒன்றைக் கட்டிவிட்டால், “அதுதான் இருக்கிறதே, வெளியே எதற்கு?” என்று கேட்கும் வாய்ப்பையும் கூடவே கட்டிவிடுகிறோம் என்பது அது. அதில் உண்மை உண்டு. ஆனாலும், எவன் கைபேசியில் எந்தப் படம் பதிவாகுமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிற காலத்தில், நாலு சுவர் வேண்டும் என்று தாய்மாரே கேட்கிறார்கள்; வெளியிலிருந்து தத்துவம் பேசி அதை மறுக்க நமக்கு அதிகாரம் இல்லை. விரும்புகிறவளுக்கு அறை இருக்கட்டும். பிள்ளையின் பசி அறை வரைக்கும் காத்திராதபோது, உட்கார்ந்த இடத்திலேயே ஊட்டும் சுதந்திரமும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

கும்பகோணத்திலிருந்து புறப்பட்ட ஒரு நகரப் பேருந்தில் கேட்ட சம்பாஷணை நினைவுக்கு வருகிறது. மடியில் குழந்தை கதறிக்கொண்டிருக்க, தாய் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து இருக்கை மூதாட்டிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் ஆத்தா பிள்ளையை இப்படிக் கத்தவிடுற? பசிக்கிறாப்ல இருக்கு, பால் குடேன்.”

“எல்லாரும் பாக்குறாங்க, பாட்டி.”

“பாக்குறவன் பாத்துட்டுப் போறான். அவனும் குடிச்சு வளந்தவன்தானே?”

முன் இருக்கைகளில் இருந்த ஆடவர்கள் இரண்டொருவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். குழந்தையின் அழுகை அடங்கிற்று. பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த மூதாட்டி ஒரு வாக்கியத்தில் தீர்த்துவைத்தார்.

இதையேதான் அண்டை மாநிலத்துப் பத்திரிகை ஒன்று அட்டைப் படமாக்கிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மலையாளப் பத்திரிகையான ‘கிருஹலக்ஷ்மி’, குழந்தையை மார்போடு அணைத்த பெண்ணின் படத்தை வெளியிட்டு, எங்களை உற்றுப் பார்க்காதீர்கள், நாங்கள் பாலூட்ட வேண்டும் என்னும் பொருள்படத் தலைப்பிட்டது. படத்தில் தோன்றிய கிலு ஜோசப் அக்குழந்தையின் தாயல்லர் என்பதைக் காட்டிக் கண்டித்தவர்களும் இருந்தார்கள். நானும் ஒரு மெய்யான தாயையே அட்டையில் காணவிரும்பியிருப்பேன். ஆபாசம் என்று வழக்குத் தொடுத்தவர்களுக்கோ கேரள உயர்நீதிமன்றம் அதே ஆண்டில் விடை சொல்லிவிட்டது: அந்தப் படத்தில் ஆபாசம் எதையும் காண முடியவில்லை என்பதே அதன் தீர்ப்பு.

மேனாட்டார் இவ்விஷயத்தில் எப்போதும் நம்மினும் விசாலமான மனம் படைத்திருந்தார்கள் என்று எண்ணவேண்டாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணச் சட்டசபையில் 2003-ஆம் ஆண்டு கிர்ஸ்டி மார்ஷல் என்னும் உறுப்பினர், பிறந்து 11 நாட்களே ஆன தம் குழந்தைக்குப் பாலூட்டியபோது, உறுப்பினரல்லாத அந்நியர் சபைக்குள் இருத்தல் கூடாதென்ற விதியைக் காட்டி அவரை வெளியேறச் சொன்னார்கள். பதினொரு நாள் சிசு, சட்டத்தின் கண்ணுக்கு அந்நியராகிவிட்டது! அதே நாட்டு செனட் சபையில் 2017-ஆம் ஆண்டு லாரிஸா வாட்டர்ஸ் தம் குழந்தைக்குப் பாலூட்டினார். சபை நடவடிக்கைகள் தடையின்றி நடந்தன.

பொதுவிடத்தின் கதை இவ்வளவு. உத்தியோக ஸ்தலத்தின் கதை இதைவிடக் கடினமானது. ஏனெனில், பேருந்தில் கழிவது ஒரு மணி நேரம், வேலையில் கழிவதோ ஒரு நாளின் பெரும்பகுதி.

பால் சுரப்பு மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நடப்பதன்று. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தை குடிக்கவேண்டும், அல்லது பால் பீய்ச்சி எடுக்கப்படவேண்டும். இரண்டும் இல்லையேல் பால் கட்டிக்கொண்டு, மார்பு கனத்து, நெறிகட்டி, ஜுரம்வரை கொண்டுபோய் விடுகிறது. எடுக்காத பால் நாளடைவில் சுரப்பதையும் குறைத்துக்கொள்கிறது. “எனக்குப் பால் பத்தலை” என்று வருந்தும் தாய்மார்களில் பலருடைய நிஜமான குறை, வேலை நேரம் அவர்களுக்குத் தராத அந்த இருபது நிமிஷமே. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று சேலை விரித்துக்காட்டும் பெண், ரவிக்கை நனைந்துவிட்டதே என்று முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு வாடிக்கையாளரிடம் புன்னகை செய்கிறாள். (உட்கார்ந்து வேலை பார்க்கும் உரிமையே அவளுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம்தான் இம்மாநிலத்தில் கிடைத்தது.) பனியன் கம்பெனியில் தைப்பவள், எழுந்து போனால் டார்கெட் குறையுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். குளிரூட்டிய அலுவலகத்தில் கணினி முன் இருப்பவளோ, கழிவறைக்குள் தாளிட்டுக்கொண்டு பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறாள். பாலைத் தரையில் சிந்தவிடலாகாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். பீய்ச்சிய பாலைச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால், 25 டிகிரி உஷ்ணத்தில் நான்கு மணி நேரமும், குளிர்பெட்டியில் நான்கு நாட்களும் கெடாமல் இருக்கும். ஆகவே ஒரு நாற்காலி, ஒரு தாழ்ப்பாள், ஒரு சிறு குளிர்பெட்டி ஆகிய மூன்றும் இருந்தால் அந்தப் பால் மாலையில் குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும். லட்சக்கணக்கில் செலவழித்து வரவேற்பறைக்குச் சலவைக்கல் பதிக்கும் ஸ்தாபனங்களுக்கு இது கட்டுப்படியாகாத செலவென்று என்னால் நம்ப முடியவில்லை.

இடத்தைக் காட்டிலும் இங்கே தடையாக நிற்பது அபிப்பிராயமே. பாலூட்டப் போய்வரும் பெண்ணைப் பற்றி, “புள்ளையைச் சாக்கு வச்சு ஓபி அடிக்கிறா” என்று முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுகிறது. சொல்பவர்களில் பிள்ளை பெற்ற பெண்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை. “நாங்க எல்லாம் பெத்து வளக்கலையா?” என்பது அவர்கள் வாதம். தாம் பட்ட கஷ்டத்தை அடுத்தவளும் பட்டே தீரவேண்டும் என்பது நியாய சாஸ்திரத்தின் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தை நூறாண்டுகளாக அறியும். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-ஆம் ஆண்டில் தன் முதல் மகாநாட்டிலேயே, பாலூட்டும் பெண்ணுக்கு வேலை நேரத்தினுள் நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் விடவேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. 1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளிப்பது தேசத்தின் நன்மைக்காகவே என்றும், ஆதலால் அந்தப் பாரத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே சுமப்பது தகும் என்றும் வாதாடினார். மசோதா மறு ஆண்டே சட்டமாயிற்று. சென்னை மாகாணமும் சில ஆண்டுகளில் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கின. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு வேளை போக, பாலூட்டுவதற்கென்றே நாளுக்கு இரண்டு இடைவேளைகளைத் தந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டுமென்றும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரலாமென்றும் விதித்தது. இந்த உரிமைகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கின்றன.

ஏட்டில் இவ்வளவு இருந்தும், அம்பேத்கர் சொன்ன ஒன்றை நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுப்புக்காலச் சம்பளத்தின் பாரம், தொழிலாளர் காப்புறுதித் திட்டத்துக்கு வெளியே உள்ள இடங்களில், முழுவதும் முதலாளியின் தலையிலேயே விழுகிறது. அவர் அதைச் சட்டத்தோடு சண்டையிட்டுத் தீர்த்துக்கொள்வதில்லை, கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கே எடுக்காமலிருந்து தீர்த்துக்கொள்கிறார். “கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை பத்தி என்ன பிளான்?” என்று நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் கேள்விக்கு அர்த்தம் இதுவே. தன் உத்தியோகஸ்தப் பெண்களுக்கு 12 மாத விடுப்பை 2021-ஆம் ஆண்டுமுதல் அளித்துவரும் தமிழ்நாட்டு அரசாங்கம், தனியார் கடையில் நிற்பவளின் பாரத்திலும் ஒரு பங்கை ஏற்பதற்கு வழி தேடவேண்டும்.

சித்தாள் வேலை செய்பவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை பொருந்துவதில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில், ஐந்து சிறு குழந்தைகளுக்குக் குறையாமல் வேலைத்தலத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து நியமிக்கவேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. எளிய விதி, அந்தப் பழைய தூளியின் நியாயத்தையே அரசாங்கம் எழுத்தில் வடித்தது என்றுகூடச் சொல்லலாம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ‘பிள்ளை மடுவம்’ என்று வழங்கும் காப்பகம், கொழுந்து பறிக்கும் தாய் வேலை நடுவே வந்து பாலூட்டிச் செல்ல வழி செய்தது. தோட்டத்து வாழ்வு துயரம் நிறைந்ததே. இருந்தாலும் பிள்ளை தாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்ற மூல சூத்திரம் அங்கே பிடிபட்டிருந்தது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலை மட்டுமே பெறும் குழந்தைகள் இலங்கையில் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 82 பேர். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 63.7 பேர். பிரசவங்களில் நூற்றுக்கு 88.6 நம் நாட்டில் மருத்துவ நிலையங்களிலேயே நடந்தும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதம் மட்டுமே. ஆகவே கூச்சத்தின் மேல் பழி முழுவதையும் போட்டுவிட்டு மருத்துவ உலகம் தப்பித்துக்கொள்ள இடமில்லை.

உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் பிரசன்ன பி. வராலேயும் அமர்ந்த அமர்வில், பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறையும் காப்பகமும் அமைக்குமாறு மத்திய அரசு முந்தின ஆண்டில் மாநிலங்களுக்கு எழுதிய அறிவுரையைச் செயற்படுத்தும்படி கூறியது. இனிமேல் எழுப்பும் கட்டடங்களின் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கப்படவேண்டும் என்றது. பொதுவிடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்பதையும் வலியுறுத்தியது. சட்டத்தின் பக்கத்தில் சொல்லவேண்டியவை ஏறக்குறைய சொல்லப்பட்டுவிட்டன.

இனி எஞ்சியிருப்பது நம்மைப் போன்றவர்களின் காரியம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையானாலும் கம்பெனியானாலும், பாலூட்டும் பெண்ணுக்குரிய அந்த இரண்டு இடைவேளைகளும் சட்டப்படி அவளுடையவை. புதிதாகப் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியவள் அதைக் கேட்க அஞ்சுவாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு உண்டு. அந்தப் பயம் இல்லாத சீனியர் ஊழியர் எவரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், நாளைக்கே மேலாளரின் அறைக்குச் சென்று அவளுக்காக அவர் கேட்கட்டும்.